நீர்க்கட்டி என்றால் ஆபரேஷனா?

ஸ்கேன் எடுத்தாயிற்று. "சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது" என்கிறார்கள். கட்டி என்றதும் நெஞ்சு படபடக்கிறது. புற்றுநோயோ? கருப்பையை எடுத்துவிட வேண்டுமோ?

அவசரப்படாதீர்கள், அக்கா. அது என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

கருப்பையின் இரு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் பாதாம் பருப்பு போல இருக்கும். மாதந்தோறும் அதில் ஒரு சிறு நீர்ப்பை வளரும். உள்ளே முட்டை இருக்கும். சுமார் 2 செ.மீ. வளர்ந்ததும் பை உடையும். முட்டை வெளியே வரும். சில மாதம் பை உடையாது. நீர் சேர்ந்து பெரிதாகும். அதுதான் நீர்க்கட்டி.

இந்தக் கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானே கரைந்துவிடும். நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்குக் குறைந்த, வலி இல்லாத கட்டிக்குப் பொதுவாக மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம்.

எப்போது சிகிச்சை தேவைப்படலாம்?

• கட்டி கரையாமல் வளர்ந்துகொண்டே போனால்.
• 7 செ.மீ.க்கு மேல் இருந்தால்.
• உள்ளே நீர் மட்டுமின்றி சதையும் தெரிந்தால்.
• வலி ஓயாமல் இருந்தால், வயிறு உப்பிக்கொண்டே போனால்.
• மாதவிலக்கு நின்ற வயதில் கட்டி தெரிந்தால். இவர்கள் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

சில கட்டிகளுக்குள் முடியும் பல்லும்கூட இருக்கும். அது செய்வினை அல்ல. அதுவும் ஒரு வகைக் கட்டிதான்.

ஒன்றை மறக்காதீர்கள். திடீரென்று அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வாந்தி, மயக்கம் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசியலாம். கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. கோபர்கைரனேயில் இருப்பவர்கள் வாஷி முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். நடு இரவானாலும் 108க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் போனால் சினைப்பையைக் காப்பாற்றலாம்.

ஆபரேஷன் என்றாலும் பல சமயம் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். ஒரு சினைப்பையை எடுத்தாலும் மற்றது வேலை செய்யும். குழந்தை பிறக்கும்.

நம் மராட்டிய மாநிலத்தில், பீட் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2019ல் அரசு கணக்கெடுத்தது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை எடுத்திருந்தார்கள்! வேலைக்கு வராத நாளுக்கு அபராதம். "எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்" என்ற பயம் வேறு. பயமும் வறுமையும் சேர்ந்தால் இப்படித்தான்.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: "கட்டி எவ்வளவு பெரிது? உள்ளே நீர் மட்டும்தானா? காத்திருந்து பார்க்கலாமா? ஆபரேஷன் என்றால் எதை எடுப்பீர்கள்?" கருப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

ஸ்கேன் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் எண்ணை நாம் படிக்கலாம். 50 மி.மீ. என்றால் 5 செ.மீ. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த சீட்டில் எண் கூடியதா, குறைந்ததா? நீங்களே பாருங்கள்.