உரத்தின் உண்மையறியச் சில எளிய பரீட்சைகள்

விதை பழுதாயின் பத்து நாட்களில் தெரிந்துவிடும். உரம் பழுதாயின் பயிர் வெளுத்துப் பருவம் கடந்த பின்னரே தெரியவரும். அப்பொழுது மூட்டையில் உரம் மிஞ்சியிராது. கேட்பதற்குச் சான்றும் இராது. ஆகையால் உரத்தை வயலில் இடுமுன்னரே அது இன்ன பொருள்தானா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம். உயர்தரப் பள்ளி மாணாக்கர் இரசாயன பாடத்தில் செய்து பழகும் சில பரீட்சைகளே இதற்குப் போதுமானவை.

வேண்டிய பொருள்கள்: நான்கைந்து கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, வாலை நீர், நீற்றின சுண்ணாம்பு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர்த்த நைட்ரிக் அமிலம், வெள்ளி நைட்ரேட் கரைசல், மஞ்சள் தாள். மஞ்சட்பொடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்து, அதில் வடிதாளைத் தோய்த்து நிழலில் உலர்த்தினால் மஞ்சள் தாள் கிடைக்கும்.

1. அம்மோனியா வாயு

அம்மோனியம் ஸல்பேட், டி.ஏ.பி. முதலிய அம்மோனிய உரங்களுக்கு இது உரியது. பொடித்த உரம் ஒரு சிட்டிகையும் சுண்ணாம்பு ஒரு சிட்டிகையும் குழாயிலிட்டுச் சில துளி நீர் விட்டு, இளஞ்சூடு காட்டுக. மூக்கைத் துளைக்கும் நெடி எழும். நனைத்த மஞ்சள் தாளைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்தால் அது செந்நிறமாகும். ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிச் சிவப்பதும் இதே காரணத்தாலாகும். தாளைக் காற்றில் வைத்தால் வாயு நீங்கி மீண்டும் மஞ்சளாகும். தாள் சுண்ணாம்பின்மீது பட்டுவிடலாகாது. பட்டால் உரம் எதுவாயினும் சிவந்து, பரீட்சை பொய்த்துவிடும்.

2. குளோரைடு

உரத்தை வாலை நீரில் கரைத்து வடித்து, நைட்ரிக் அமிலம் சில துளியும் வெள்ளி நைட்ரேட் சில துளியும் சேர்க்கவும். குளோரைடு இருப்பின் தயிர்போன்ற வெண்படிவு திரளும். யூரியாவில் இவ்வாறு தயிர் திரளுமாயின் உப்புக் கலந்துள்ளதெனச் சந்தேகிக்கலாம். கிணற்று நீரைக் கொண்டு இதைச் செய்யலாகாது. அந்நீரிலேயே குளோரைடு இருப்பதால் நல்ல உரமும் குற்றமுள்ளதாகத் தோன்றும். வாலை நீரையும் முதலில் தனியே சோதித்துக்கொள்க.

3. பொட்டாஷும் கறியுப்பும்

மியூரியேட் ஆப் பொட்டாஷும் கறியுப்பும் இரண்டும் குளோரைடுகளே. ஆதலின் மேற்கண்ட பரீட்சையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். செந்நிறத்தைக் கண்டு நம்புவதும் தவறு, உப்புக்கும் சாயமேற்றலாம். சுத்தமான நிக்ரோம் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, உரத்தைத் தொட்டு, விளக்கின் சுடரிற் காட்டுக. உப்பானால் சுடர் அடர்ந்த மஞ்சளாகும். பொட்டாஷானால் வெளிர் ஊதாவாகும். பொட்டாஷில் சிறிதளவு உப்பு இயல்பாகவே இருப்பதால், மஞ்சள் நிறம் ஊதாவை மறைக்கக்கூடும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே நோக்கினால் மஞ்சள் மறைந்து ஊதா விளங்கும். அங்ஙனம் நோக்கியும் ஊதா தோன்றாவிடில் அப்பொருளை வயலில் இடலாகாது.

4. கரியமில வாயு

களர் நிலத்தைத் திருத்த வாங்கும் ஜிப்ஸத்திற்குப் பதில் சுண்ணாம்புக்கல் பொடி வந்துவிடுவதுண்டு. பொடியின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுக. சுண்ணாம்புக்கல்லாயின் நுரைத்துப் பொங்கும். எழும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரிற் செலுத்தினால் அந்நீர் பால்போல் வெளுக்கும். ஜிப்ஸம் பொங்காது, சற்றே நுரைத்தல் மட்டும் குற்றமன்று. சுண்ணாம்புக்கல் களர் மண்ணில் எளிதிற் கரையாதாதலின், அதற்கிட்ட பணமும் வண்டிக்கூலியும் வீணே.

பரீட்சைகளின் எல்லை

இப்பரீட்சைகள் பொருள் இன்னதென்று காட்டுமேயன்றி, எவ்வளவு உள்ளதென்று காட்டமாட்டா. பொட்டாஷில் காற்பங்கு உப்புக் கலந்திருப்பினும் நீலக் கண்ணாடியில் ஊதாவே தோன்றும். 60 சதவீதம் பொட்டாஷ் சத்துள்ள 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சத்து இருத்தல் வேண்டும். காற்பங்கு உப்பானால் 7½ கிலோ சத்துக் குறைவதோடு 12½ கிலோ உப்பும் நிலத்திற் சேர்கிறது. இவ்வகைக் கலப்படத்தை ஆய்வுக்கூடமே கண்டறிய இயலும். ஆதலின் சந்தேகம் தோன்றினால் மூட்டையையும் ரசீதையும் அப்படியே வைத்திருந்து வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. வீட்டுப் பரீட்சை ஒன்றையே கொண்டு வியாபாரிமீது குற்றஞ் சாட்டுதல் முறையாகாது.

அமிலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். நீர்க்கச் செய்யுங்கால் அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் விடலாகாது. வெள்ளி நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்யும். ஒளி படாத பழுப்புப் புட்டியில் வைத்தல் வேண்டும். அது விலையுயர்ந்ததாகையால், கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ இப்பொருள்களைப் பெட்டியொன்றில் பொதுவாக வாங்கிவைத்து, பள்ளி இரசாயன ஆசிரியரின் உதவியோடு பருவத் தொடக்கத்தில் பயன்படுத்தினால் ஊருக்கு ஒரு பெட்டியே போதும்.