கரண்ட் வைத்து முடிந்த பிறகு: தொண்டைப் புற்றுநோயிலிருந்து தேறுபவருக்கு யார் துணை?



நோயாளியை நலம் விசாரிப்பது நம்மிடம் விட்டுப்போகாத நல்ல பழக்கம். வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால், அன்று மக்ரிபுக்குள் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பிஸ்கட் எல்லாம் வரும். ஆனால் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து வந்தவரால் அதில் எதையும் விழுங்க முடியாது. "எப்படி இருக்கீங்க பாய்?" என்று பத்துப் பேரும் கேட்பார்கள். பதில் சொல்ல அவருக்குக் குரல் இருக்காது. இப்படிப்பட்டவருக்கு எந்த மாதிரியான துணை வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊர்களில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, தொண்டைக்குப் பெரும்பாலும் ஆறு, ஏழு வாரம் நடக்கும். வாரத்தில் ஐந்து நாள் வீதம் 30 முதல் 35 முறை. ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான், அப்போது வலி தெரியாது. தலை அசையாமல் இருக்க முகத்தை அழுத்திப் பிடிக்கும் ஒரு மாஸ்க் போடுவார்கள். பலருக்கு முதல் நாள் பயமே அந்த மாஸ்க்தான். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் வாய்ப்புண், பசை போன்ற எச்சில், ருசியே தெரியாத நாக்கு, கழுத்தில் கறுத்து உரியும் தோல், காரணமில்லாத அசதி எல்லாம் வரும்.

பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் வந்து, அங்கே பஸ் மாறி, கோரிமேட்டில் ஜிப்மருக்குத் தினமும் போய்வருவது நல்ல உடம்புக்காரருக்கே சிரமம். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் "போதும், இனி முடியாது" என்று நோயாளி சொல்வது இதனால்தான். ஆனால் நடுவில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் புற்று செல்கள் மறுபடி வளர இடம் கொடுத்ததாகிவிடும். வலிக்கு மருந்து இருக்கிறது, சாப்பிட முடியாவிட்டால் மூக்கு வழியாக டியூப் வைக்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், குரலுக்காகத்தான். முன்பெல்லாம் முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்குக் குரல்வளையையே எடுத்துவிடுவது வழக்கம். அமெரிக்காவில் 332 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1991-ல் வெளியான ஆய்வு இதை மாற்றியது. மருந்தும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டு கழித்தும் குரல்வளை இருந்தது. உயிர் பிழைப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. கிரிக்கெட் வர்ணனையாளர் ஜெஃப்ரி பாய்காட் 2002-ல் தொண்டைப் புற்றுநோய்க்கு 35 முறை கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு, மறுபடியும் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கடைசி கரண்ட் வைத்த அன்றே வேதனை இறங்கத் தொடங்குவதில்லை. அடுத்த ஒன்றிரண்டு வாரம் இன்னும் கூடும், அதன் பிறகுதான் மெல்லத் தணியும். வீட்டில் உள்ளவர்களோ, "எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் சாப்பிட மாட்டேங்கிறார்?" என்று கவலைப்படுவார்கள், சில நேரம் கோபமும் படுவார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று நோயாளி உள்ளுக்குள் நடுங்குவார். தினமும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் நர்ஸும் இப்போது பக்கத்தில் இல்லை. சிகிச்சைக் காலத்தைவிடத் தனிமையான நாட்கள் இவை.

இந்த நேரத்தில், இதே சிகிச்சையை முடித்துத் தேறிய ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் கஞ்சி இறங்குச்சு" என்று சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அவர் நோயாளியைப் பேச வைக்க மாட்டார். சிலேட்டோ நோட்டோ கொடுப்பார், கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான் என்று அவருக்குத் தெரியும். நோன்புக் கஞ்சியை மிளகாயும் மசாலாவும் இல்லாமல் மிக்ஸியில் அடித்து, ஆறவைத்துக் கொடுக்கலாம் என்று அவர் வீட்டம்மா சொல்லிக் கொடுப்பார். டியூப் இருந்தாலும், டாக்டர் அனுமதித்தால் தினமும் சில வாயாவது விழுங்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கும் தசைகள் இறுகிவிடும் என்பதையும், வாயைத் திறந்து மூடும் பயிற்சியை விடக்கூடாது என்பதையும் தன் அனுபவத்திலிருந்தே சொல்வார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொப்பளிப்பது, புண் ஆறும்வரை மிஸ்வாக்குக்குப் பதில் மெல்லிய பிரஷ் வைத்துக்கொள்வது போன்ற சின்னச் சின்ன விஷயங்களும் இப்படித்தான் கைமாறும்.

இது புதிய யோசனை அல்ல. வாய்ப் புற்றுநோயில் தேறிய நான்சி லியூபோல்ட் என்ற பெண்மணி 1991-ல் அமெரிக்காவில் தன்னைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண சங்கத்திலிருந்து, மலப்புரம் வரை ஊர் ஊராகத் தொண்டர் குழுக்கள் வளர்ந்தன. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் 16 மணி நேர வகுப்பும் நேரடிப் பயிற்சியும் பெற்று வீடுகளுக்குப் போகிறார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு சிறு நன்கொடை. நம் யூனியன் பிரதேசத்தின் மாஹேக்கு அடுத்த ஊர்களில் நடப்பது இது.

துணைக்கு வருபவருக்கும் எல்லை உண்டு. மருந்து சொல்லக்கூடாது, நாட்டு வைத்தியம் சொல்லவே கூடாது. "எனக்கு ரெண்டு மாசத்துல சரியாச்சு" என்று கெடு வைக்கவும் கூடாது. ருசி திரும்பப் பல மாதம் ஆகலாம், எச்சில் சிலருக்குப் பழையபடி வராமலே போகலாம். மூச்சுத் திணறல், இரத்தக் கசிவு, காய்ச்சல், தண்ணீர் குடித்தாலே புரையேறுவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு எடுத்தவர் உடம்பில் கதிர் தங்காது, பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். "பீடி குடிச்சதாலதானே?" என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள், அவர் அதை ஆயிரம் முறை தன்னையே கேட்டிருப்பார். இப்போது பீடி, புகையிலை, பாக்கு எதையும் தொடாமல் இருக்க உதவினால் போதும். ரமலான் வந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். களாவா, ஃபித்யாவா என்பதைப் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்கலாம்.

தேறிய பிறகும் பரிசோதனை தொடர வேண்டும். தைராய்டு குறையலாம், அதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை தேவை. எத்தனை ஆண்டு ஆனாலும், கதிர்வீச்சு டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பாய்காட்டுக்கே 22 ஆண்டு கழித்து 2024-ல் மறுபடி தொண்டையில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள்.

நம் பகுதியில் இந்தச் சிகிச்சையை முடித்துத் தேறியவர்கள், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மனைவி, மக்கள் ஆகியோர் மாதம் ஓரிரு வீடுகளுக்குப் போய்வர முன்வந்தால், ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். பெண் நோயாளிகளின் வீட்டுக்குப் பெண்களையே அனுப்புவோம். சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் சொல்லலாம். யார் பெயரையும் பள்ளிவாசல் போர்டில் எழுத மாட்டோம், மைக்கிலும் அறிவிக்க மாட்டோம்.