நகர் மையப் பல்கலைக்கழக வளாகமும் வட்டார வளர்ச்சியும்: பீனிக்ஸ் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகம் ஒன்றை நகரின் மையப்பகுதியில் நிறுவினால் அவ்வட்டாரத்தில் புத்தாக்கமும் பொருளாதாரமும் வளரும் என்னும் கருத்து இன்றைய நகரத் திட்டமிடலில் பெருவழக்காகியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நகர் மைய வளாகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மக்கள் நடமாட்டமும் கட்டடங்களும் விரைவில் பெருகின. புத்தாக்கம், துறைகளுக்கும் நகர நிறுவனங்களுக்கும் இடையே உறவு அமைந்த இடங்களில் மட்டுமே வேர்விட்டது. வளர்ச்சிக்கான செலவு நகர் முழுவதும் பகிரப்பட, அதன் பயன் முதலில் மையப்பகுதியிலேயே தங்கியது என்பன இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நகர் மைய வளாகம், வட்டாரப் புத்தாக்கம், அறிவுப் பரவல், நகராட்சிக் கடன் பத்திரம், பீனிக்ஸ்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகம் என்றால் நகர இரைச்சலிலிருந்து விலகிய, மரங்கள் சூழ்ந்த, தனக்கெனத் தனி எல்லை கொண்ட பரப்பு என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வெண்ணம் மாறத் தொடங்கியது. நகரங்கள் தம் மையப்பகுதிகளை மீட்டெடுக்கும் கருவியாகப் பல்கலைக்கழகங்களை நோக்கின. பல்கலைக்கழகங்களும் அரசு மானியம் சுருங்கிய சூழலில் நிலம், நிதி, பயிற்சிக்களம் ஆகியவற்றுக்கு நகரங்களை நாடின. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடங்களுள் பீனிக்ஸ் குறிப்பிடத்தக்கது. அங்கு வளாகம் அமைய வேண்டுமா என்பதை வாக்காளர்களே நேரடியாக முடிவு செய்தனர். எனவே யார் கொடுத்தனர், யார் பெற்றனர் என்னும் வினாவை அங்கே தெளிவாக எழுப்ப இயலும்.

அறிவுப் பரவலும் அண்மையும்

ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் கூடி வாழும்போது அத்தொழிலின் நுணுக்கங்கள் இயல்பாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் என்பதை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளாதார நூலில் விளக்கினார். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியான தம் நகரவியல் நூலில் பல்வகைப் பயன்பாடுகள் கலந்த, குறுகிய தெருக்களும் பழைய கட்டடங்களும் கொண்ட பகுதிகளே உயிர்ப்புடன் விளங்கும் என்று வாதிட்டார். ஜாஃபி, டிராஜ்டன்பெர்க், ஹெண்டர்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு காப்புரிமையை மேற்கோள் காட்டும் பிற காப்புரிமைகள் அதே நகர்ப்பகுதியிலிருந்து எழுவதே மிகுதி என்று காட்டியது. இவ்வகை ஆய்வுகளின் வழியில் புரூகிங்ஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை ‘புத்தாக்க வட்டாரங்கள்’ என்னும் சொல்லாட்சியை நகரத் திட்டமிடலில் நிலைபெறச் செய்தது.

இக்கோட்பாடுகள் அனைத்துக்கும் அண்மை என்பதே அடிப்படை. ஆயினும் அண்மை வாய்ப்பைத்தான் தருகிறது. அவ்வாய்ப்பு பயனாக மாறுவதற்கு உறவு தேவைப்படுகிறது. ஒரே தெருவில் இயங்கும் இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று அறியாமலே பல்லாண்டுகள் கழிக்கக்கூடும். பீனிக்ஸ் வளாகத்தை மதிப்பிட இவ்வேறுபாடு இன்றியமையாதது.

வெறுமையுற்ற நகர் மையம்

1950இல் பீனிக்ஸின் மக்கள்தொகை 1,06,818. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 16,08,139 ஆக உயர்ந்து, நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமாயிற்று. இதே காலத்தில் ஏறத்தாழ 17 சதுர மைல் பரப்பு 500 சதுர மைலுக்கும் மேலாக விரிந்தது. இவ்வளர்ச்சி உயரத்தில் நிகழாமல் அகலத்தில் நிகழ்ந்தது. 1957இல் மையப்பகுதிக்கு வடக்கே பார்க் சென்ட்ரல் என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டபின் பெருங்கடைகள் ஒவ்வொன்றாக மையத்தை விட்டு அகன்றன. அலுவலகங்களும் நீதிமன்றங்களும் எஞ்சின. மாலையில் அவை மூடப்பட்டதும் தெருக்கள் வெறிச்சோடின.

மறுபுறம், 1885இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெம்பி நகரில் பெருவளர்ச்சி கண்டிருந்தது. 1958இல் மாநில வாக்காளர்களே வாக்கெடுப்பின் வழி அதற்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரை வழங்கினர். மாநிலத்தின் மிகப்பெரிய நகரின் மையத்தில் அப்பல்கலைக்கழகத்துக்கு முழுமையான வளாகம் இல்லாதிருந்தது பெருங்குறையாகக் கருதப்பட்டது. 2002இல் தலைவராகப் பொறுப்பேற்ற மைக்கேல் குரோவும் 2004இல் நகரத் தந்தையான ஃபில் கோர்டனும் இக்குறையைத் தீர்க்கும் திட்டத்தை முன்னெடுத்தனர்.

கடன் பத்திரமும் உடன்பாடும்

2006 மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 87.85 கோடி டாலர் மதிப்பிலான நகராட்சிக் கடன் பத்திரத் திட்டம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு ஒப்புதல் பெற்றது. அதில் 22.3 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒரு நகராட்சி இவ்வளவு பெருந்தொகை அளித்தது அரிய நிகழ்வாகும். நகராட்சி நிலமும் கட்டடமும் தரும். அவற்றை நடத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பது உடன்பாட்டின் சாரம். இத்தகைய கடன் பத்திரங்கள் சொத்து வரி வருவாயைக் கொண்டே அடைக்கப்படுகின்றன. ஆதலால் மையத்துக்கு வெகு தொலைவிலுள்ள குடியிருப்புகளில் வாழ்வோரும் இவ்வளாகத்துக்குப் பங்களித்தவர்களே.

அதே ஆண்டு ஆகஸ்டில் வளாகம் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட விற்பனை வரியின் துணையால் உருவான இலகு ரயில் 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை பீனிக்ஸ், டெம்பி, மேசா நகரங்களை இணைத்தது. இதனால் இரு வளாகங்களும் ஒரே பல்கலைக்கழகமாக இயங்குவது நடைமுறையில் எளிதாயிற்று. தனித்தனி வாக்கெடுப்புகளில் பிறந்த இவ்விரு முதலீடுகளும் ஒன்றுக்கொன்று துணைநின்றன எனலாம்.

துறைத் தேர்வின் தருக்கம்

இவ்வளாகத்தின் சிறப்புக்கூறு எந்தத் துறைகள் அங்கு இடம்பெயர்ந்தன என்பதில் உள்ளது. பொறியியலும் அடிப்படை அறிவியலும் பெரும்பாலும் டெம்பியிலேயே நின்றன. இதழியல், செவிலியம், பொதுநிருவாகம், சமூகப்பணி, பின்னர்ச் சட்டம் என நகர வாழ்வோடு நாள்தோறும் உரையாட வேண்டிய துறைகளே மையத்துக்கு வந்தன.

2008இல் வால்டர் குரோங்கைட் இதழியல் பள்ளி ஆறு மாடிக் கட்டடத்தில் பொதுத் தொலைக்காட்சி நிலையத்துடன் ஒன்றாகக் குடியேறியது. 2014இல் அத்தொலைக்காட்சி நிலையமே இதழியல் பள்ளியின் ஓர் அங்கமாயிற்று. மாணவர்கள் தயாரிக்கும் செய்தி மாநில மக்களின் வீடுகளைச் சென்றடைகிறது. வகுப்பறைப் பயிற்சியும் பொதுச்சேவையும் இங்கே ஒரே செயலாகின்றன. டெம்பியில் இயங்கிய சாண்ட்ரா டே ஓ’கானர் சட்டக் கல்லூரி 2016இல் நகர் மையத்துக்கு வந்தது. கூட்டாட்சி நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றங்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

இதற்கு அருகிலேயே பீனிக்ஸ் உயிர்மருத்துவ வளாகம் வளர்ந்தது. 2002இல் உருவான டிஜென் மரபணு ஆய்வு நிறுவனம் நகராட்சியின் ஆதரவுடன் அங்கே இடம்பெற்றது. 2007இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, பழைய உயர்நிலைப் பள்ளியின் மீட்டெடுக்கப்பட்ட கட்டடங்களில் 24 மாணவர்களுடன் தொடங்கியது. மாநிலத்தின் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களும் ஒரே வளாகத்தில் பணியாற்றும் நிலை இதனால் உருவாயிற்று. வணிகமயமாக்கத்தக்க ஆய்வு என்னும் குறுகிய பொருளில் புத்தாக்கத்தைத் தேடினால் அதன் மையம் இங்கேயே உள்ளது. கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட துறைகளின் பங்களிப்போ திறன்மிக்க பணியாளர், பொதுச்சேவை, நிறுவன உறவுகள் என வேறு வகையினது. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பழைமையும் பொதுவெளியும்

1930களில் எழுப்பப்பட்ட கூட்டாட்சி அஞ்சலகக் கட்டடம் மாணவர் மையமாக மறுபயன்பாடு பெற்றது. ஆனால் எல்லாப் பழங்கட்டடங்களுக்கும் இவ்வாய்ப்பு கிட்டவில்லை. தொடக்க ஆண்டுகளில் மாணவர் விடுதியாகப் பயன்பட்ட பழைய தங்கும் விடுதியொன்று, மரபுப் பாதுகாப்பாளரின் எதிர்ப்பையும் மீறி இடிக்கப்பட்டு வாகன நிறுத்தமாக்கப்பட்டது. பின்னர் அந்நிலத்தில்தான் சட்டக் கல்லூரி எழுந்தது.

2009இல் வளாகத்தை ஒட்டித் திறக்கப்பட்ட பொதுப்பூங்காவில் ஜேனட் எக்கெல்மன் அமைத்த மாபெரும் வலைச் சிற்பம் காற்றில் மிதக்கிறது. அவருடைய வலைச் சிற்பக்கலை தோன்றியது மாமல்லபுரத்தில் என்பது தமிழ் ஆய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்கது. 1997இல் அங்குத் தங்கியிருந்த அவர், ஓவியம் தீட்டுவதற்காக அனுப்பிய வண்ணங்கள் வந்துசேராத நிலையில், கடற்கரையில் குவிந்திருந்த மீன்வலைகளைக் கண்டு மீனவருடன் இணைந்து புதிய கலைவடிவத்தை உருவாக்கினார். வேறுபட்ட திறனுடையோர் பொதுவெளியில் எதிர்ப்படும்போது புதுமை பிறக்கிறது என்பதற்கு அவ்வலையே சான்று. மதிலற்ற வளாகம் என்னும் கொள்கையின் அடிப்படையும் இதுவே.

வளர்ச்சியின் வேகமும் பங்கீடும்

வளாகத்தின் விளைவுகள் ஒரே வேகத்தில் நிகழவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்களின் நடமாட்டம் சில ஆண்டுகளிலேயே தெருக்களில் புலப்பட்டது. ஆனால் மையப்பகுதியில் முழு அளவிலான மளிகைப் பேரங்காடி 2019 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. மாணவர் வருகைக்கும் அதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. மாணவர் கூட்டம் சிற்றுண்டிச் சாலைகளுக்குப் போதுமானது; பேரங்காடிக்கோ நிலையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் வேண்டும் என்பதை இவ்விடைவெளி உணர்த்துகிறது.

பங்கீட்டுச் சிக்கல் இதனினும் ஆழமானது. 2008இன் வீட்டுச்சந்தை வீழ்ச்சி அரிசோனாவைக் கடுமையாகத் தாக்கியது. சொத்து மதிப்பு சரிந்ததால் 2006ஆம் ஆண்டுக் கடன் பத்திரத் திட்டத்தில் எஞ்சியிருந்த பணிகள் பல ஒத்திவைக்கப்பட்டன. பல்கலைக்கழகக் கட்டடங்கள் முன்னதாகவே தொடங்கப்பெற்றதால் நிறைவேறின. வரிசையில் பின்னால் நின்ற சுற்றுப்புறங்களின் தேவைகள் காத்திருந்தன. அடுத்த பொதுக்கடன் பத்திரத் திட்டம் 50 கோடி டாலர் அளவில் 2023 நவம்பரில்தான் வாக்காளரின் ஒப்புதலைப் பெற்றது. ஒரே வாக்குச்சீட்டில் ஒப்புதல் பெற்ற பணிகளுள் ஒன்று முடிந்து மற்றொன்று நின்றுபோனதில் எவருடைய தீயநோக்கமும் இல்லை. ஆயினும் பணிகளின் வரிசைமுறையே பயனின் பங்கீட்டைத் தீர்மானித்துவிட்டது.

இச்சமனின்மையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாக 2018ஆம் ஆண்டு நிகழ்வைக் கருதலாம். பொதுச்சேவைக் கல்லூரிக்கு வழங்கப்பட்ட 3 கோடி டாலர் நன்கொடையின் ஒரு பகுதி, நகரின் மேற்கிலுள்ள மேரிவேல் குடியிருப்பில் மக்களோடு இணைந்து பணியாற்றுவதற்கு ஒதுக்கப்பட்டது. மையத்தில் திரண்ட அறிவை விளிம்புக்குக் கொண்டுசெல்லும் இத்தகைய பாலம் வளாகம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதுவும் தனியார் கொடையால் அமைந்தது. அது தொடக்க உடன்பாட்டின் அங்கமாகவே இருந்திருக்கலாம்.

முடிவுரை

பீனிக்ஸ் அனுபவத்திலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நகர் மைய வளாகத்தின் வெற்றி எந்தத் துறைகள், எந்த நகர நிறுவனங்களுக்கு அருகில் அமைகின்றன என்னும் தேர்வைச் சார்ந்துள்ளது. இரண்டாவது, போக்குவரத்து, பொதுவெளி, நிலையான குடியிருப்பு ஆகியவை உடன்வராத இடத்தில் வளாகத்தின் பொருளாதாரப் பயன் தாமதப்படும். மூன்றாவது, பொதுநிதியால் எழும் வளாகத்தின் பயன் பங்களித்தோர் அனைவரையும் சென்றடையும் வழியைத் தொடக்க உடன்பாட்டிலேயே எழுதிவைத்தல் வேண்டும். சொத்து வரி செலுத்திய மேரிவேல் குடும்பத்தின் பிள்ளை அவ்வளாகத்தில் பயின்று, அதன் சேவையைத் தன் தெருவிலும் பெறுகின்ற அளவுக்கே வட்டார வளர்ச்சி என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் கிட்டும்.