மீனைப் பார்த்தீர்களா, குளத்தைப் பார்த்தீர்களா?

ஜப்பான் நிறுவனம் ஒன்றுக்காக நான் வடிவமைத்த திரையில் நடுவே ஒரே ஒரு பட்டன்தான். "மற்ற விவரங்கள் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் 2001-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். மசுதா, நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களுக்கு மீன்கள் நீந்தும் அனிமேஷனைக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் பெரிய மீனில் தொடங்கினார்கள். ஜப்பானியர்களோ பின்னணியைப் பற்றி 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் சொன்னார்கள். இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும்.

வளர்ந்த சூழல் கண்ணையும் பழக்குகிறது. ஃபோல்டர் ஐகானே அமெரிக்க அலுவலகக் காகித உறையைப் பார்த்து வரைந்ததுதான். எனவே ஓர் ஐகான் புரியவில்லையென்றால், 'நமக்குக் கம்ப்யூட்டர் வராது' என்று எழுந்துவிடாதீர்கள். மவுஸ் பாயிண்டரை அதன் மேல் சற்று நிறுத்துங்கள். பெரும்பாலும் அதன் பெயர் தெரியும்.