கூலன்ற் மாற்றும்போது கிணற்றையும் நினையுங்கள்

2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பலர் பழைய ஹைபிறிட் கார்களையே பேணி ஓட்டுகின்றனர். சமூகப் பணிக்காக வீடுகளுக்குச் செல்லும் நான், கூலன்ற் மாற்றும் வேலை முற்றத்திலேயே நடப்பதைக் காண்கிறேன்.

ரொயோட்டா பிறியஸ் காரில் எஞ்சினுக்கு ஒன்றும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டருக்கு ஒன்றுமாக இரண்டு கூலன்ற் தொட்டிகள் உண்டு. இரண்டையும் கவனிக்க வேண்டும். காரை நிறுத்தி, நன்றாக ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதை ஊற்றினால் உள்ளே படிந்து அடைத்துவிடும். கார்க் கைநூல் கூறும் கூலன்றையே வாங்குங்கள்.

வடித்தெடுத்த பழைய கூலன்றில்தான் பெரிய ஆபத்து. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் பிள்ளைகள் குடித்துவிடலாம். குடித்துவிட்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மண்ணில் ஊற்றினாலோ, சுண்ணக்கல் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட அவதியை மறக்கலாமா?

மூடியுள்ள கானில் அடைத்து, 'நஞ்சு' என்று எழுதி, பொறுப்பேற்கும் கராஜில் ஒப்படையுங்கள். வேலையைக் கணவரோ அண்ணனோ செய்தாலும், இதைச் சொல்லிச் செய்விப்பது நம் பொறுப்பு.