மூச்சும் மூளையழுத்தமும்

“டாக்டர், அடி தலையில்தானே? நெஞ்சில் ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு இந்த மூச்சு மெஷின்?” மூளை அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளின் குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். எனவே இதற்கான விடை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மண்டையோடு விரியாத எலும்புப் பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. ஒன்று பெருத்தால் மற்றவை இடம்விட வேண்டும். இயலாதபோது அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான மன்றோ 1783இலும் கெல்லி 1824இலும் அடித்தளமிட்ட கொள்கை இது. பெரியவர்களுக்கு இவ்வழுத்தம் இயல்பாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். 22ஐத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்கிறது 2016இல் வெளிவந்த அமெரிக்கத் தலைக்காய வழிகாட்டி.

சுவாச இயந்திரம் இவ்வழுத்தத்தை இரண்டு வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது, கரியமில வாயு. இரத்தத்தில் இது கூடினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். நினைவிழந்தவர் போதிய அளவு மூச்சுவிடாவிட்டால் வாயு தேங்கும். குழாய்கள் விரிந்து அழுத்தம் ஏறும். நுரையீரல் நன்றாக இருந்தும் இயந்திரம் தேவைப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது, நெஞ்சினுள் ஏற்படும் அழுத்தம். நாம் காற்றை உள்ளிழுக்கிறோம். இயந்திரமோ உள்ளே தள்ளுகிறது. தள்ளும் அழுத்தம் மிகுந்தால், தலையிலிருந்து இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் தடைபடும். உடலின் இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வைப்பது இரத்தம் எளிதில் கீழிறங்குவதற்காகத்தான்.

அப்படியானால், இயந்திரத்தை வேகமாக ஓட்டிக் கரியமில வாயுவை நன்றாகக் குறைத்துவிடலாமே எனத் தோன்றும். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் செய்தனர். ஆனால், குழாய்கள் சுருங்கும்போது அழுத்தத்தோடு மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. ஏற்கெனவே காயம்பட்ட மூளை பட்டினி கிடக்கிறது. பலனும் ஏறத்தாழ ஒரு நாளில் மங்கிவிடும். 1991இல் அமெரிக்காவின் மியூசலார் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள்கள் அவ்வாறு சுவாசிக்க வைக்கப்பட்ட ஒரு பிரிவினர், மூன்று, ஆறு மாதங்களுக்குப் பின் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தனர். எனவே இன்று பொதுவாக, இயல்பு அளவான 35 முதல் 45 மில்லிமீட்டருக்குள் வைக்கவே முயல்கிறோம். உயிர் போகும் அவசரத்தில், அறுவைக் கூடம் செல்லும்வரை மட்டும் சிறிது நேரம் வேகத்தைக் கூட்டுவதுண்டு.

இன்னொன்றையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். நோயாளி இருமினாலோ இயந்திரத்தோடு போராடினாலோ அழுத்தம் சட்டென எகிறும். ஆகவே சிலரை மருந்தால் உறங்க வைக்கிறோம். கண் திறக்காததைக் கண்டு உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்த உறக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.