கபடி ஆட்டத்தில் விட்டுப்போகும் முட்டி

ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டிகளில் முட்டியில் உறை மாட்டிய ஆட்டக்காரர் அணிக்கு ஒருவராவது இருப்பார். விசாரித்தால், "ஜவ்வு லேசா கிழிஞ்சிருக்குண்ணே, இப்ப வலி இல்ல" என்பார். வலி இல்லை என்பதை நம்பித்தான் பலர் களத்தில் இறங்கி, மீதி ஜவ்வையும் இழக்கிறார்கள்.

யாரும் தொடாமலே அறுவது

பாடிப் போனவர் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு நடுக்கோட்டை நோக்கிச் சட்டென்று திரும்புகிறார். ஊன்றிய பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. முட்டி உள்பக்கம் மடங்குகிறது. 'டப்'பென்று ஒரு சத்தம். எதிரணியில் ஒருவர் கைகூடப் பட்டிருக்காது. கணைக்கால் எலும்பு முன்னால் நழுவாமல் இழுத்துப் பிடித்திருக்கும் முன்சிலுவைத் தசைநார் பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது. சில மணி நேரத்துக்குள் முட்டி புடைத்துக்கொண்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ஏமாற்றுவது அதற்குப் பிந்தைய வாரங்கள். வீக்கம் வடிந்துவிடும், நேராக ஓடக்கூட முடியும். வெட்டித் திரும்பும்போதுதான் முட்டி விட்டுப்போகும். அப்படி விட்டுப்போகும்போதெல்லாம் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் கிழிய வாய்ப்புண்டு. உறை மாட்டினால் தைரியம் வரும். அறுந்த தசைநாரின் வேலையை அது செய்யாது.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குறைந்தது 9 மாதம் போட்டி ஆட்டத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலிமை மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வந்திருக்கிறதா, ஒற்றைக்காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் நிற்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்த பிறகே களம். கால்பந்து வீரர் நெய்மார் 2023 அக்டோபரில் இந்தத் தசைநார் அறுந்து, ஓராண்டு கழித்தே ஆட வந்தார். உலகத்தரச் சிகிச்சை கிடைத்தவருக்கே அவ்வளவு நாள்!

சுளுக்கை உருவாதீர்கள்

கணுக்கால் வெளிப்பக்கம் பிசகுவது இதைவிட அதிகம் நடப்பது. உடனே எண்ணெய் போட்டு உருவி விடுவதும், 'எடுக்கிறேன்' என்று இழுப்பதும் வீக்கத்தைக் கூட்டும். அழுத்திக் கட்டி, காலை உயர்த்தி வைத்தால் போதும். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தைத் தொட்டாலே துடித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். வலி குறைந்ததும் ஒற்றைக்காலில் நின்று பழகுவது அவசியம்; அதை விட்டவர்களுக்கே அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது.

தொடைப் பின்தசை

நெய்மார் திரும்பி வந்த இரண்டே வாரத்தில் அவரை மறுபடி வெளியே உட்கார வைத்தது தொடைப் பின்தசைக் காயம். வேகமாக ஓடுகிற எந்த ஆட்டத்திலும் இது வரும். இதைத் தடுக்க நோர்டிக் பயிற்சி நல்ல பலன் தருகிறது. கருவி எதுவும் வேண்டாம். மண்டியிட்டு நில்லுங்கள், கூட ஆடுபவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பு மடங்காமல் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஐந்தாறு தடவை போதும். தொடை நன்றாகவே வலிக்கும், ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.